பஞ்சநாமாவில் பன்னிரண்டு வார்த்தைகள்

போன மாதம் ஸ்ரவந்தி போன் செய்தாள். சித்தூரில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் கான்ஸ்டபிள் அவள். சோதனை போட்ட ஒரு வீட்டில் ஒரு காகிதம் கிடைத்திருக்கிறது, அதில் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் இருக்கின்றன, அவற்றைப் பஞ்சநாமாவில் எழுத வேண்டுமா, இப்போதெல்லாம் சோதனையை வீடியோ எடுக்கிறார்களே, அந்தக் காகிதத்தை விரித்துக் கேமராவுக்குக் காட்ட வேண்டுமா என்று கேட்டாள்.

"எழுதாதே. படிக்காதே. காட்டாதே. மடித்துக் கவரில் போட்டு அரக்கு வை" என்றேன்.

"ஏன்ணா?"

போனில் எனக்குப் பேச வராது. நேரிலும் வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் என்றால் கதை எழுதுபவர் இல்லை. புகார், வாக்குமூலம், சோதனைக் குறிப்பு எல்லாவற்றையும் எழுதி வைக்கும் கான்ஸ்டபிள். எனக்குச் சொந்த ஊர் நகரிப் பக்கம். ஐந்தாவது வரை தமிழில் படித்தேன், பத்தாவது வரை தெலுங்கில். அதற்கு மேல் படிக்கவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், மண்ணில் உருண்டோம், துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்தோம். அணிவகுப்பில் நான் எப்போதும் கடைசி வரிசை. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்து மேஜைக்கு அனுப்பினார்கள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. எழுதுகிறவனிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் எழுதினேன். கடைசி ஆறு வருடம் கம்ப்யூட்டர் குற்றங்களை விசாரிக்கும் ஒரு சிறிய பிரிவில் இருந்தேன். அங்கே என் மேலதிகாரியாக இருந்த இன்ஸ்பெக்டரை நாங்கள் சி.ஐ. சார் என்போம். கடப்பா பக்கத்துக்காரர், பேசுவது தெலுங்கு மட்டும். அவர் பேச்சை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஒரு வீட்டைச் சோதனை போட்டால் அங்கே என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது என்று இரண்டு சாட்சிகள் முன்னால் எழுதுவதுதான் பஞ்சநாமா. எழுதி முடித்ததும் அதை உரக்கப் படித்துக் காட்டி, சாட்சிகளிடமும் வீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். சி.ஐ. சார் அதைக் கேட்கிற விதமே தனி. நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொள்வார். கையில் ஒரு பென்சில் இருக்கும். "நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாய். எனக்குக் காட்டு" என்பார். நான் படிப்பேன். 'பீரோவில் லேப்டாப் ஒன்று' என்று படித்தால் பென்சில் மேஜையில் ஒரு தட்டு தட்டும். பீரோவில் எந்தத் தட்டு? லேப்டாப் என்ன நிறம்? மூடியில் கீறல் உண்டா? அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் என்ன? பென்சில் தட்டாமல் ஒரு பக்கம் படித்து முடித்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ருசிக்கும்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. குடிபாலாப் பக்கம் ஒரு நிலத் தகராறில், உள்ளூர் ஸ்டேஷனுக்கு உதவப் போனபோது, மிரட்டல் கடிதம் ஒன்றைக் கைப்பற்றினோம். 'கடிதம் ஒன்று' என்று மட்டும் எழுதிவிட்டேன். கடிதத்தை வைத்திருந்த அறையில் மழை ஒழுகி, மை கரைந்து, வெறும் நீலத் தாளாகிவிட்டது. அதில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. குற்றவாளி வெளியே போனான். நீதிபதி சி.ஐ. சாரை நிற்க வைத்துக் கேட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் ஒன்று மட்டும் சொன்னார். "முனிரத்தினம், இனி காகிதம் என்று எழுதாதே. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுது. ஒரு சொல் விடாமல்."

அன்றிலிருந்து நான் ஒரு சொல்லும் விட்டதில்லை. மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகள் கிறுக்கிய தாள் என்று எது கிடைத்தாலும் அப்படியே எழுதினேன்.

பரிமளா என்ற பெண்ணின் வழக்கு இதற்குப் பிறகு வந்தது.

பலமனேரில் ஒருவர், வீட்டிலிருந்தே வேலை என்று நம்பிப் பணத்தை இழந்தார். அந்தப் பணம் கிரிப்டோ என்கிற இணைய நாணயமாக மாறி ஒரு மிக்சருக்குள் போயிருந்தது. மிக்சர் என்பது ஒரு கம்ப்யூட்டர் கருவி. பலபேர் போடும் நாணயத்தைக் கலந்து, யாருடையது எங்கே போனது என்று தெரியாதபடி திருப்பித் தரும். வெளிநாட்டில் ஓர் அரசு அப்படிப்பட்ட ஒன்றைத் தடை செய்து, அதை உருவாக்கியவர்களைப் பிடித்தது. இங்கேயும் மேலிருந்து வாய்மொழியாக ஒரு வார்த்தை வந்தது: மிக்சரைத் தொட்டவன் எவனாக இருந்தாலும் முதலில் சந்தேகப்படு. பலமனேர்க்காரரின் பணம் உள்ளே போன அதே நாளில், கிட்டத்தட்ட அதே அளவு வெளியே வந்து சேர்ந்த இடம் நகரியில் ஒரு வீடு.

பரிமளாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, பிரிந்துவிட்டார். அப்பாவோடு வாடகை வீட்டில் இருந்தாள். விசைத்தறிச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுவது தொழில். நாங்கள் காலை பத்து மணிக்குப் போனோம். சி.ஐ. சார், நான், ஒரு பெண் கான்ஸ்டபிள், சாட்சிகளாகக் கிராம வருவாய் அதிகாரியான வி.ஆர்.ஓ.வும் பக்கத்து வீட்டுக்காரரும்.

"மிக்சர் எங்கே இருக்கிறது என்று பார்" என்று சி.ஐ. சார் என்னிடம் சொன்னது வி.ஆர்.ஓ. காதில் விழுந்துவிட்டது. அவர் சமையலறையை எட்டிப் பார்த்து, "இதோ இருக்கு சார், மூணு ஜார்" என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு யாராவது சிரித்தது அப்போதுதான். பரிமளாவும் சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு சி.ஐ. சார் அவளை விசாரித்தார். அவளுக்குத் தெலுங்கு புரியும், ஆனால் பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. நான் இரண்டு பக்கமும் சொன்னேன்.

"வெளிநாட்டுலருந்து டிசைன் வாங்கறவங்க இப்டித்தான் சார் காசு அனுப்பறாங்க. அதுல ஒரு தொல்லை கீது. அனுப்பறவங்க எங்கிட்ட மொத்தம் எவ்ளோ கீதுன்னு பாத்துடலாம். ஒர்த்தர் பாத்துட்டு, உங்கிட்டதான் இவ்ளோ கீதே, ரேட்டக் கொறைன்னு எழுதிட்டாரு. அதுக்குத்தான் மிக்சர்ல போட்டு எடுத்தேன்."

"தப்பு செய்யாதவளுக்கு மறைப்பு எதற்கு?" என்றார் சி.ஐ. சார்.

"ஏடிஎம்ல வர்ற சீட்ட நீங்க கிழிச்சித்தான சார் போடறீங்க?"

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கிழிக்கிறேன். ஆனால் பேங்குக்குத் தெரியும். நாங்கள் கேட்டால் பேங்க் சொல்லும்" என்றார்.

"பேங்க் ஒண்ணுக்குத் தெரியும் சார். இதுல ஊருக்கே தெரியும்."

எனக்கு என் மைத்துனர்கள் ஞாபகம் வந்தது. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், "வருது" என்பேன். இருபது வருடமாக அதற்கு மேல் சொன்னதில்லை.

பீரோவின் மேல் தட்டில், ரேஷன் கார்டு இருந்த ரெக்சின் பைக்குள் ஒரு கட்டம் போட்ட டிசைன் தாள் இருந்தது. முன்பக்கம் ஒரு மாங்காய் பார்டர். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எண் போட்டுப் பன்னிரண்டு வார்த்தைகள். ஆங்கில வார்த்தைகள்தான், ஆனால் தமிழ் எழுத்தில்.

அதை என் கையில் பார்த்ததும் அவள் கிட்டே வந்தாள். "அண்ணா, அத மட்டும் எழுதாதீங்க. மடிச்சி கவர்ல போட்டு சீல் வெச்சிக்கினு போங்க. அந்தப் பன்னெண்டும் யார் கைல கீதோ, காசு அவுங்களுது. சாவி மாதிரி."

"தமிழ்ல ஏன்மா எழுதின?"

"இங்க முக்கால்வாசிப் பேருக்குத் தெலுங்குதான அண்ணா படிக்க வரும்."

சி.ஐ. சார் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். எழுத வேண்டாம் என்கிறாள் என்றேன். "அப்படியென்றால் அதில்தான் விஷயம் இருக்கிறது. எழுது" என்றார்.

எழுதினேன். பஞ்சநாமா தெலுங்கில் என்பதால் தமிழ் எழுத்தைத் தெலுங்கு எழுத்தாக மாற்றி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை வரிசையாக, கார்பன் வைத்து நான்கு பிரதி. தாளை மடித்துக் கவரில் போட்டு, துணி சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தோம். முத்திரையில் ஒரு குறையும் இல்லை. பிறகு வாசற்படியில் நின்று, வழக்கப்படி, இந்த வார்த்தைகள்தான் தன் காசுக்குச் சாவி என்று அவள் சொன்னது உட்பட முழுவதையும் உரக்கப் படித்தேன். வெளியே தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அந்த வீட்டின் சொந்தக்காரரும் நின்றிருந்தார். நான் ஐந்தாவது வார்த்தையைப் படிக்கும்போது பரிமளா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். அவள் அப்பா, "ஏம்மா பொத்திக்கிற? உன்னையா திட்டறாங்க?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அன்று முழுதாகப் புரியவில்லை.

அவளைச் சிறையில் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து, கோர்ட்டில் அனுமதி வாங்கி, அவள் கிரிப்டோக் கணக்கைத் திறக்கத் திருப்பதியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் ஆள் வந்தார். மூலத்தாள் சீலுக்குள் கோர்ட்டில் இருந்ததால் பஞ்சநாமாவைப் பார்த்துத்தான் வார்த்தைகளைப் போட்டார். செல்லாது என்று திரை சொன்னது. மறுபடி போட்டார். மறுபடியும் செல்லாது.

சி.ஐ. சார் நாற்காலியில் சாய்ந்தார். "நம்மை ஏமாற்றப் பொய்யான தாளை வைத்திருக்கிறாள். எழுதாதே என்று கெஞ்சியதும் நடிப்பு. எழுது, முனிரத்தினம்: ஜாமீன் தரக் கூடாது."

இரண்டு முறை ஜாமீன் மனு தள்ளுபடியானது. இரண்டு முறையும் எதிர்ப்பு மனுவை எழுதியவன் நான். மூன்றாவது முறை, அந்த வார்த்தைகளை ஆங்கிலத்தில் டைப் செய்து இணைக்கச் சொன்னார்கள். ஒரு விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது வார்த்தை கோஸ்ட். சி என்ற எழுத்தைத் தட்டினேன். ஓ தட்டப் போன விரல் நின்றுவிட்டது.

அவள் தாளில் இருந்தது தமிழ் 'க'. தெலுங்கில் அந்த இடத்துக்கு நான்கு எழுத்து உண்டு. தமிழில் ஒன்றே ஒன்று. கோஸ்ட் என்றால் கடற்கரையும் ஆகலாம், பேயும் ஆகலாம். ராயலசீமையில் வேலை பார்ப்பவனுக்குக் கடலோர ஜில்லாக்கள் எல்லாம் 'கோஸ்தா'. கோஸ்தாவில் மழை, கோஸ்தாவுக்கு டிரான்ஸ்ஃபர் என்று தினமும் காதில் விழுகிற சொல். கை தானாகக் கடற்கரையை எழுதிவிட்டது. யோசித்து எழுதியிருந்தால் அவளைக் கேட்டிருப்பேன். மற்ற பதினொன்றையும் தமிழ் எழுத்தில் திருப்பி எழுதிச் சரிபார்த்தேன். அவற்றை எப்படிப் படித்தாலும் ஒரே வார்த்தைதான்.

சொல்லாவிட்டால் அவள் பொய்க்காரி, உள்ளேயே இருப்பாள். சொன்னால் அடுத்த நிமிடமே அவள் கணக்கைத் திறந்து, அத்தனை காசையும் அரசுக் கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். வழக்கு முடிந்து அது எப்போது திரும்பும், திரும்புமா என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது மனு வரும் நாளுக்கு முன்பு, காவல் நீட்டிப்புக்காக அவளைச் சித்தூர்க் கோர்ட்டுக்கு அழைத்து வந்தார்கள். வராண்டாவில் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். கட்டுக் காகிதங்களோடு நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ம்மா, நீ குடுத்தது சரி. நான்தான் தப்பா எழுதிட்டேன். ஒம்பதாவது."

அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒன்பதில் நின்று என்னைப் பார்த்தாள். "அடப்பாவி அண்ணா" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெண் கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"இப்ப இன்னா பண்ணணும், நீயே சொல்லு. சொன்னா தொறந்துடுவாங்க. சொல்லலன்னா ஜாமீன் கெடைக்காது."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் பொய் சொல்லலன்னு மட்டும் சொல்லுங்க அண்ணா. எந்த வார்த்தைன்னு சொல்லாதீங்க. அந்தக் காசு நாங்க குடிகீற வூட்டையே வாங்கறதுக்கு வெச்சது. நைனாவுக்குக் கூடத் தெரியாது."

எனக்கு இருந்த ஒரே வழியை அவள்தான் சொன்னாள்.

மறுநாள் சி.ஐ. சார் முன்னால் போய் நின்றேன். "பஞ்சநாமாவில் என் எழுத்துப் பிழை ஒன்று இருக்கிறது சார். கோர்ட்டில் சொல்லப் போகிறேன்."

"எந்த வார்த்தை?"

நான் பேசவில்லை. பேச வராதது என் சர்வீஸில் எனக்கு உதவியது அன்று ஒரு நாள்தான்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். "நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாய். எனக்குக் காட்டு."

சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பென்சில் இரண்டு முறை தட்டியது. பிறகு தட்டவில்லை. கண்களைத் திறந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "குடிபாலாக் கடிதத்துக்குப் பிறகு நீ ஒரு சொல் விட்டதில்லை. இப்போது விடுகிறாய்" என்றார். "போ. கோர்ட்டுக்கே போ."

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா, பிழை இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்த மெமோவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். நடுத்தர வயது, இரண்டு மொழியும் தெரிந்தவர். "எந்த வார்த்தையில் பிழை?" என்று கேட்டார். ஹாலில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மேடம், முதல் தவறே நான் அதை உரக்கப் படித்ததுதான். மறுபடியும் படிக்கச் சொல்லாதீர்கள்."

அத்தனை பேர் முன்னால் நான் வாழ்க்கையில் பேசிய நீளமான பேச்சு அது. அரசு வக்கீல் எழுந்தார். மாஜிஸ்திரேட் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சீல் வைத்த கவரை வரவழைத்தார். என்னை மேடைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, "வாயால் சொல்ல வேண்டாம். விரலால் காட்டுங்கள்" என்றார்.

தாளில் ஒன்பதாவது வரியில் விரலை வைத்தேன். பிறகு பஞ்சநாமாவில் ஒன்பதாவது வரியில் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு அசையவில்லை. ஆனால் புரிந்துவிட்டது, பேனாவை எடுத்தார்.

குற்றம் சாட்டப்பட்டவர் பொய்யான தாளைத் தந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. மூலத்தாளைப் புதிதாக சீல் வைக்க வேண்டும். பஞ்சநாமாப் பிரதிகளில் அந்தப் பன்னிரண்டு வரிகளையும் மறைக்க வேண்டும். கோர்ட்டின் புதிய உத்தரவு இல்லாமல் யாரும் திறக்க முயலக் கூடாது. ஜாமீன் தரப்பட்டது. உள்ளே ஒன்றரை மாதம் இருந்திருந்தாள்.

கோர்ட் ஆபீசில் உட்கார்ந்து, நான்கு பிரதிகளிலும் நான் எழுதிய அந்தப் பன்னிரண்டு வரிகளின் மேல் நானே கறுப்பு மை பூசினேன். அடுத்த வாரம் எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. திருப்பதியில் கூட்டத்தை வரிசையில் நிறுத்தும் வேலை. இரண்டு வருடம் நின்றேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டேன். சி.ஐ. சார் செய்ததை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். பலமனேர்க்காரர் பணம் கடைசி வரை கிடைக்கவில்லை. அதைக் கலந்து மறைத்ததும் அதே மிக்சர்தான்.

பரிமளாவின் காசு டிசைன் வாங்கியவர்கள் அனுப்பியது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகு அவள் மேல் இருந்த வழக்கு முடிந்தது. தாள் அவளிடமே திரும்பியது. ஆனால் அவர்கள் குடியிருந்த வீடு கிடைக்கவில்லை. அன்று வாசலில் நின்று கேட்ட வீட்டுக்காரர், இவளிடம் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் விலையை ஏற்றிவிட்டார். ஒத்துவராமல் வேறு யாருக்கோ விற்றும்விட்டார். அதற்குக் காரணம் என் குரல். கறுப்பு மையைக் குரல் மேல் பூச முடியவில்லை.

இந்த வருடம் நகரி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நான் ஒதுங்கப் பார்த்தேன்; அவளே வந்து பேசினாள். புத்தூரில் சின்னதாக ஒரு வீடு வாங்கிவிட்டார்களாம். நைனாவுக்குப் படி ஏறுவதுதான் கஷ்டமாம்.

"அண்ணா, அந்தப் பன்னெண்டும் உங்களுக்கு இன்னும் ஞாபகம் கீதா?"

"கீதும்மா. மறக்க வரல."

"இருக்கட்டும். தாள் கைக்கு வந்த அன்னிக்கே எல்லாத்தையும் வேற எடத்துக்கு மாத்திட்டேன். இப்ப அது காலி டப்பா. நீங்க யார்கிட்ட வேணா சொல்லலாம்."

அதனால்தான் ஒன்பதாவதை இங்கே எழுதினேன். மற்ற பதினொன்றை எழுதவில்லை.

"புதுசு பன்னெண்டும் எங்க வெச்சிக்கீற?" என்று கேட்டுவிட்டேன். போலீஸ் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

அவள் புத்தூர் பஸ்ஸில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். "எந்தப் பாஷைல எழுதினேன்னு கூட உங்ககிட்ட சொல்ல மாட்டேன் அண்ணா."

"சொல்லாதம்மா" என்றேன். பஸ் கிளம்பியது.